பள்ளிக்கு வெளியே படிக்கும் பிள்ளை: கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலும் ஊரிலும் தன் போக்கில் படிக்க விடலாம் என்று நினைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. எந்தத் தாளை எப்போது வாங்குவது, எங்கே எவ்வளவு செலவாகும், எந்தத் தேதியை விட்டால் ஒரு வருடம் போய்விடும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டில் இதையெல்லாம் கவுன்டர் கவுன்டராக அலைந்து தெரிந்துகொண்டோம். ஓர் அலுவலகத்தில் வேண்டும் என்ற தாளை அடுத்த அலுவலகத்தில் எதற்கு என்று கேட்டார்கள்.

பிள்ளை எப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கும், எப்போது பின்னம் பிடிபடும் என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். சேர்க்கைத் தேதி, வயது வரம்பு, சான்றிதழில் இருக்கும் பெயர் ஆகியவற்றை அப்படி விட முடியாது. அந்தச் சில விஷயங்களைப் பெற்றோர் கறாராகப் பார்த்துக்கொண்டால்தான் மற்ற எல்லாவற்றிலும் பிள்ளையை நிதானமாக விட முடியும்.

1. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்

தனியார் பள்ளிப் பிள்ளையை நிறுத்தினால் கட்டணம் மிச்சம். இழப்பு அதிகம் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் பொறுமையாக யோசியுங்கள். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவற்றுக்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் நிறுத்தி ஒன்பதில் திரும்பச் சேர்த்தால் நடுவில் விழும் இடைவெளி இந்தச் சலுகைகளைக் கொண்டுபோய்விடும். புதுச்சேரியிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அங்கேயும் இதே யோசனை தேவை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் கிடைக்கும் 20 விழுக்காட்டுக்கும் பள்ளித் தலைமை ஆசிரியர் தரும் சான்று வேண்டும். வீட்டில் தமிழிலேயே எல்லாம் படித்தேன் என்று சொன்னால் அங்கே எடுபடாது.

இதையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. பல பிள்ளைகளுக்கு இந்த வழி எதுவும் தேவைப்படாமலே போகலாம். ஆனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் போகக்கூடாது. தாத்தா பாட்டி உட்பட எல்லாரும் உட்கார்ந்து பேசி, எது போனாலும் பரவாயில்லை என்று முடிவான பிறகு பள்ளிக்குப் போங்கள்.

2. உங்கள் முகவரி எந்தப் பக்கம்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் இருபது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பேருந்தில் போனால் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை புதுச்சேரி. பாகூர் பக்கம் வீடு, கடலூரில் வேலை; மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் பள்ளி. இப்படி வாழும் குடும்பங்கள் நிறைய. பிள்ளை பள்ளியில் இருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. வெளியே வந்ததும் எல்லாச் சான்றும் முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தமிழ்நாட்டு முகவரி என்றால் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில்தான். சான்று ஒன்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக நகரும். பொறியியல் கலந்தாய்வில் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்ததைக் காட்டினால் பிறப்பிடச் சான்று கேட்க மாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் படிப்புச் சான்றுகள் இருக்காது. அதனால் பிறப்பிடச் சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் வாங்கலாம் என்று போனால் மாவட்டத்தில் பாதிப் பேர் அதே வரிசையில் நிற்பார்கள்.

புதுச்சேரி முகவரி என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தில் குடியிருப்புச் சான்று. சென்டாக் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) வழியாகக் கல்லூரிக்குப் போகும் நாளில் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்ட வேண்டிவரும். மற்ற பிள்ளைகள் அதற்குப் பள்ளிச் சான்றையும் துணைக்கு வைப்பார்கள். நம்மிடம் அது இல்லாததால் பழைய வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, குடும்ப அட்டை நகல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்து ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை மூன்றையும் அதே முகவரிக்கு மாற்றிவிடுங்கள். அப்பாவின் ஆதார் கடலூர், பிள்ளையின் ஆதார் பாகூர் என்று இருந்தால் இரண்டு பக்கமும் கைவிரிப்பார்கள்.

3. பள்ளியிலிருந்து வாங்க வேண்டியவை

கல்வியாண்டு முடிந்து, மே மாதத்தில் போங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த ஆண்டின் தேர்ச்சி பதிவாகாது.

வாங்க வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று, படிப்புச் சான்று (எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புவரை, எந்த மொழி வழியில் என்று இருக்க வேண்டும்), தமிழ்நாடு என்றால் எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்). படிப்புச் சான்றை யாரும் தாமாகத் தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். பள்ளி நிர்வாகம் மாறிவிட்டால் பிறகு அதை வாங்குவது பெரும்பாடு.

"எந்தப் பள்ளிக்கு மாற்றுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். வீட்டிலிருந்து படிக்கப் போகிறான் என்று நேரடியாகவே சொல்லுங்கள். வாய்க்கு வந்த ஒரு பள்ளிப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தால் பிறகு அந்தப் பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும். டி.சி. கொடுத்ததும் எமிஸில் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அங்கேயே கிடக்கும். அதனால் என்ன நடக்கும் என்பது ஐந்தாவது படியில்.

மூலச் சான்றுகளை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரையோ கையெழுத்தோ போட முடியாது என்று திருப்பி அனுப்புகிற இடங்கள் உண்டு. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.

4. பெயரும் இனிஷியலும்

எனக்குத் தெரிந்து இந்தப் பாதையில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கும். டி.சி.யில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். இன்னொரு தாளில் அப்பாவின் பெயரே முழுதாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே ஆசிரியர்கள் பெயர்ப் பட்டியலை வைத்துத் திருத்தி விடுவார்கள். நமக்கு அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை.

ஆகவே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போதே எல்லாத் தாளையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அம்மா, அப்பா பெயரையும் சேர்த்துத்தான். எது சரியான வடிவம் என்று தீர்மானித்து, பிறப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரை அதற்கு இணங்கத் திருத்துங்கள். பிறப்புச் சான்றில் பெயரே ஏறவில்லை என்றால் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுக்குள் சேர்த்துவிட வேண்டும். நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் போகும் வேலை இது.

ஆதாரில் கைரேகை, கண் பதிவை 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வயதும் கிட்டத்தட்ட அதேதான். புதுப்பிக்காத ஆதாரோடு இணையத்தில் விண்ணப்பம் போட்டு ஓ.டி.பி. வராமல் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

5. வீட்டுக்கு வந்து கேட்பவர்கள்

பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடி ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடக்கும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் உங்கள் வீட்டுக்கும் வருவார். எமிஸ் பொதுத் தொகுப்பில் பெயர் இருந்தால் கட்டாயம் போன் வரும். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். செங்கல் சூளையிலும் கடைகளிலும் வேலைக்குப் போன பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்குக் கொண்டுவருபவர்களும் இவர்கள்தான்.

சட்டம் எப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 10வது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மீறினால் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை. வீட்டுக்கல்வி என்று பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. இதற்கென்று தனிப் பதிவோ உரிமமோ கிடையாது. "வீட்டுக்கல்விக்கு அனுமதி வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் அனுப்பிவிடுங்கள்.

வருபவரிடம் பிள்ளையைக் காட்டுங்கள். அவர் பார்க்க வருவது பிள்ளை பத்திரமாக இருக்கிறதா, வேலைக்குப் போகிறதா, படிக்கிறதா என்பதைத்தான். எட்டாவது படியில் சொல்லும் குறிப்பேட்டை எடுத்து வைத்தால் பத்து நிமிடத்தில் பேச்சு சுமுகமாகிவிடும். சொந்தக்காரர்கள் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனையும் இல்லை. கல்யாண வீட்டில் பெரியம்மா "எந்த ஸ்கூல்ல படிக்கிற கண்ணு?" என்று கேட்கத்தான் செய்வார். பிள்ளைக்கு என்ன பதில் சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. வாழ்க்கையிலிருந்து கற்கிறான் என்ற பெயரில் கடைக் கல்லாவிலோ பட்டறையிலோ நாள் முழுக்க உட்கார வைத்தால் அது வேலைதான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் கொஞ்சம் கைவைத்துப் பழகுவதற்கும் போகலாம், கூலிக்கோ வியாபாரத்துக்கோ போகக்கூடாது.

6. முதல் சில மாதங்கள்

பிள்ளை ஒன்றும் செய்யாது. தூங்கும், கைபேசி கேட்கும், "போரடிக்குது" என்று சொல்லும். அந்தச் சமயத்தில் பயந்துபோய் வீட்டிலேயே காலை ஒன்பது மணிக்கு வகுப்பு ஆரம்பித்துவிடுகிற பெற்றோர்தான் அதிகம். அப்படிச் செய்வதானால் பள்ளியிலேயே விட்டிருக்கலாம். விடுமுறை போல இருக்கட்டும். கைபேசிக்கு மட்டும் நேரம் வையுங்கள். அதில் என்னால் தாராளமாக இருக்க முடியவில்லை.

7. ஊரில் கிடக்கும் பாடம்

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு விடியற்காலையில் ஒருமுறை அழைத்துப் போங்கள். படகு வந்ததும் மீன் கூடை கூடையாக ஏலத்துக்கு வரும். வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி என்று பெயர் தெரிந்துகொள்வது முதல் நாள். கூடை விலையைக் கிலோவுக்கு மாற்றிப் பார்ப்பது பிறகு. எங்கள் மகள் வாய்ப்பாடு ஒப்பிக்க மறுத்தவள். ஏலக்காரரின் கூவலுக்கு முந்திக்கொண்டு கிலோ விலை சொல்ல வேண்டும் என்ற வெறியில் வகுத்தல் முதலில் வந்துவிட்டது, பெருக்கல் அப்புறம். எந்தப் பாடப் புத்தகத்திலும் அந்த வரிசை கிடையாது.

அதே துறைமுகத்துக்கு ஏப்ரல் 15க்குப் பிறகு போனால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் இனப்பெருக்கத்துக்காக. அப்போது சந்தையில் எந்த மீன் வருகிறது, எங்கிருந்து வருகிறது, விலை எவ்வளவு ஏறுகிறது என்று தொடர்ந்து எழுதி வரும் பிள்ளைக்குப் பொருளாதாரமும் உயிரியலும் ஒன்றாகவே கிடைக்கும். கரையில் வலை பின்னும் பெரியவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்து, எந்தக் காற்றுக்குக் கடல் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் போய்க் கேள்வி கேட்டால் திட்டு விழும். வேலை ஓய்ந்த பிறகு, "ஐயா, கொஞ்சம் சொல்லுங்க" என்று உட்கார்ந்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

அக்டோபர் பிறந்தால் மழை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கடந்தது. இரண்டு துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்று முதல் பதினொன்று வரை. ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன பொருள் என்று பிள்ளையே பட்டியல் போடட்டும். மாடியில் நேரான சுவர் உள்ள ஒரு பாட்டிலை வைத்துத் தினமும் ஸ்கேலால் அளந்தால் மழைமானி. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடியின் பரப்பை அளந்து, நேற்று எத்தனை குடம் வீணாகப் போனது என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

மின் கட்டணத்தையும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விகிதம் மாறும். புதுச்சேரியில் மாதாமாதம். இரண்டு பக்கமும் சொந்தம் இருந்தால் இரண்டு ரசீதையும் கொடுத்து, ஒரே அளவு மின்சாரத்துக்கு எங்கே எவ்வளவு ஆகிறது என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புக் கணக்கு முழுக்க அந்தத் தாளில் இருக்கிறது.

புதுச்சேரிப் பக்கம் இன்னும் வசதி. ரோமன் ரோலண்ட் நூலகத்தில் சிறுவர் பகுதி உண்டு. பாரதி பூங்கா அருகே இருக்கும் அருங்காட்சியகத்தில் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டுத் தோண்டலில் கிடைத்த பாசிமணிகள் போன்றவற்றைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் அரியாங்குப்பம் பக்கம் அரிக்கமேட்டுக்கே போங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மணிகளைப் பார்க்காமல் போகிற பிள்ளைக்கு அங்கே இருப்பது மாந்தோப்பும் இடிந்த சுவரும்தான். மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகம் மலிவு. தெருப் பெயர்ப் பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருப்பதால் பிரெஞ்சு எழுத்து சும்மா நடந்து போகும்போதே கண்ணில் பழகும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் காட்டித் தீர்த்துவிடாதீர்கள். பிள்ளை மழைமானியோடு மூன்று மாதம் இருந்தால் இருக்கட்டும். பண்ருட்டிப் பலா சீசனைப் பார்க்காமல் விட்டால் அடுத்த வருடமும் காய்க்கும்.

8. குறிப்பேடு

ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு, ஒரு கோப்பு. வாரத்துக்கு ஒரு பக்கம்: தேதி, எங்கே போனோம், என்ன செய்தான், எதைப் படித்தான். பிள்ளை வரைந்தது, ரசீது, டிக்கெட், போட்டோ எல்லாம் கோப்பில். கட்டாயமாகத் தேதி போடுங்கள். தினமும் எழுத நினைத்தால் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். வாரம் ஒன்று போதும். வீட்டுக்கு வரும் அலுவலரிடம் காட்டவும், பிறகு பள்ளியில் சேர்த்தால் எந்த வகுப்பு என்று பேசவும் இதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

9. தேர்வு: எந்த வாசல்

இரண்டு வாசல் இருக்கிறது.

முதலாவது, தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு. 12½ வயது முடிந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். அதில் தேறி, 14½ வயதும் முடிந்தால் பத்தாம் வகுப்பு. விண்ணப்பத்தைக் கல்வி மாவட்டத்துக்கு உரிய சேவை மையத்தில் போட வேண்டும். அறிவிப்பு நாளிதழில் சின்னச் செய்தியாக வந்து, சில நாளில் முடிந்துவிடும். விட்டவர்களுக்குக் கூடுதல் பணத்துடன் தக்கல். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் தயாரானவர்கள் செய்முறை மதிப்பெண் இல்லாமல் நிற்கிறார்கள். செலவு குறைவு, பாடநூல் எங்கும் கிடைக்கும். ஆனால் ஐந்து பாடமும் அதே ஐந்துதான். மாற்ற முடியாது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024–25 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பள்ளியில் சேராத பிள்ளை சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பைப் புதிதாகத் தனியாக எழுத நம் பகுதியில் வழி இல்லை.

இரண்டாவது, என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். தன் வேகத்தில் போகும் பிள்ளைக்கு நான் சொல்வது இதைத்தான். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. நம் பகுதிக்குச் சென்னை மண்டல மையம். 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டால் பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தகுதி உண்டு என்ற சுய உறுதிமொழி போதும். குறைந்தது ஐந்து பாடம், அதிகம் ஏழு. மொழி ஒன்றாவது இருக்க வேண்டும், இரண்டு வைக்கலாம். ஓவியம், மனையியல், தரவு உள்ளீடு, உளவியல் என்று விருப்பம் போல எடுக்கலாம். தமிழ் வழியிலும் எழுதலாம்.

ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை மூன்று என்று பிரித்து எழுதலாம், தேறியது தேறியதுதான். 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண்.

மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன்.

கணக்கு கட்டாயம் இல்லை என்று மகிழ்ந்து விட்டுவிடுவார்கள். பதினொன்றில் அறிவியல் பிரிவோ பாலிடெக்னிக்கோ வேண்டும் என்றால் பத்தில் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பட்டியலில் வைத்து, கடைசி வாய்ப்புகளில் எழுதலாம்.

ஏப்ரல் தேர்வுக்கு வழக்கமாக முந்தைய ஆண்டு மார்ச் நடுவிலிருந்து ஜூலை முடிய சேர்க்கை நடக்கும். அதற்குப் பின் தாமதக் கட்டணம். சேர்க்கைக் கட்டணம் கட்டினால் தேர்வுக்கும் கட்டிவிட்டதாக நினைக்காதீர்கள். தேர்வுக் கட்டணம் தனி. ஏப்ரல் தேர்வுக்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் கட்ட வேண்டும். இதற்கு யாரும் போன் செய்து நினைவூட்ட மாட்டார்கள். காலண்டரில் சிவப்பு மையால் எழுதுங்கள்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டால் அவசரத்தில் தங்கள் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார்கள். பிறகு கடவுச்சொல், ஹால் டிக்கெட் எல்லாம் அங்கேதான். உங்கள் எண்ணைப் போட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

கல்வி மையத்தைத் தேர்வு செய்யும்போது தூரத்தைப் பாருங்கள். வகுப்புக்குப் போகாவிட்டாலும் செய்முறைக்குப் போக வேண்டிவரும். "மூன்று மாதத்தில் பத்தாம் வகுப்பு, பாஸ் உத்தரவாதம்" என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் ஆட்களிடம் போகாதீர்கள். அரசு இணையதளத்தில் நேரடியாகக் கட்டினால் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத வேலைக்கு அவர்கள் பல ஆயிரம் கேட்பார்கள்.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் மட்டும் நம் வேகம் செல்லாது. பத்து தேறி இரண்டு ஆண்டு ஆகாமல் பன்னிரண்டாம் வகுப்பின் ஐந்து பாடத்தையும் முடிக்க விடமாட்டார்கள், நான்குவரை எழுதலாம்.

அரசு வேலையில் கண் உள்ள பிள்ளை என்றால், அந்தந்த வேலை அறிவிப்பில் கல்வித் தகுதிப் பகுதியை இப்போதே எடுத்துப் படித்துவிட்டு எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்.

10. செலவு

என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பு ஐந்து பாடச் சேர்க்கை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின். பெண் பிள்ளைகளுக்குக் குறைவு, பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. சலுகைக்கான சான்று விண்ணப்பிக்கும் நாளில் கையில் இருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் பாடத்துக்குச் சில நூறு, செய்முறை இருந்தால் அதற்கும் தனி. சரியான தொகையை அந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் பாருங்கள். பாடநூல்கள் இணையதளத்தில் இலவசம். தாளில் படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஜெராக்ஸ் செலவு எதிர்பாராத அளவுக்குப் போகும்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் பகலில் பிள்ளையோடு இருக்க வேண்டும். அந்த ஒருவரின் சம்பளம் போகும், அல்லது பாதியாகும். பெரும்பாலும் அது அம்மாவின் சம்பளமாகவே இருக்கிறது. முடிவெடுக்கும் நாளிலேயே இதை வெளிப்படையாகப் பேசுங்கள். பாட்டியோ அத்தையோ பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் கேட்காமல் திட்டம் போடாதீர்கள்.

11. பிள்ளை பள்ளிக்குப் போகிறேன் என்றால்

கேட்கும். எல்லாப் பிள்ளையும் கேட்காது, ஆனால் சில பிள்ளைகள் நண்பர்களுக்காகவே கேட்கும். 14 வயதுக்குள் என்றால் அரசுப் பள்ளி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், டி.சி. இல்லை என்று சேர்க்கையை மறுக்கக்கூடாது. இரண்டும் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருப்பவை. தனியார் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்து ஒரு வகுப்பு கீழே போடப் பார்ப்பார்கள். 14 தாண்டிவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் சேர்வது கடினம். அப்போது பத்தாம் வகுப்பை என்.ஐ.ஓ.எஸ்.ஸில் முடித்துவிட்டுப் பதினொன்றில் நேரடியாகச் சேர்ப்பது எளிது.

தலைமை ஆசிரியரை ஜூனில் பார்க்கப் போகாதீர்கள், கூட்டத்தில் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. மே முதல் வாரத்தில் குறிப்பேடு, பழைய டி.சி., எமிஸ் எண், ஆதார் நான்கையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு போங்கள். எந்த வகுப்பு என்று அவர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த அன்றே எமிஸ் பொதுத் தொகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் பாடநூலும் பஸ் பாஸும் வராது.